நடைபாதைச் சண்டைக்கு வேர் சாலையில்

வாசகர் கேள்வி, நமது பதில்

சிங்கப்பூரின் குடியிருப்பு வட்டாரச் சாலைகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சைக்கிளையும் வாகன வேகத்தையுமே சுற்றி வந்தன. ஒரே பொருளில் அமைந்தவற்றைச் சேர்த்து, ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 71. சந்தையிலிருந்து காய்கறிப் பையுடன் வீடு திரும்பும்போது, மணிகூட அடிக்காமல் பின்னாலிருந்து சைக்கிள் உரசிக்கொண்டு போகிறது. நடைபாதையில் சைக்கிளை அடியோடு தடை செய்தால் என்ன? (ஈசூன் வாசகி)

பதில்: அம்மா, உங்கள் அச்சத்தில் சிறிதும் மிகையில்லை. எழுபது வயதுக்கு மேல் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அந்த வீட்டின் அன்றாட வாழ்க்கையே மாறிப்போய்விடும். சட்டமும் இதை உணர்ந்து படிப்படியாக இறுகிவந்திருக்கிறது. நடைபாதையில் சைக்கிளின் வேக வரம்பு 2019 பிப்ரவரியில் மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 10 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 5ஆம் தேதி முதல் மின்ஸ்கூட்டர்களுக்கு நடைபாதையில் இடமில்லை. 2025 ஜூலை 1 முதல், சைக்கிள் பாதைக்கு அருகிலேயே அமைந்த நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டுமே உரியது. அதில் சைக்கிள் ஓட்டினால் 2,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். நீங்கள் கேட்கும் தடை, சைக்கிள் பாதை இருக்கும் இடங்களில் ஏற்கெனவே வந்துவிட்டது.

சைக்கிள் பாதை இல்லாத இடங்களில்தான் சிக்கல். அங்கே முழுத் தடை விதித்தால் சைக்கிளோட்டி எங்கே போவார் என்று சற்று எண்ணிப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேக வரம்புள்ள சாலையில், பின்னால் பேருந்தும் பக்கத்தில் லாரியுமாக அவர் செல்ல வேண்டும். உணவு விநியோகம் செய்யும் இளைஞர் வேண்டுமானால் துணிந்து இறங்கிவிடலாம். பேரனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பாலர்பள்ளிக்குப் போகும், ஏறக்குறைய உங்கள் வயதுடைய ஒரு தாத்தா இறங்குவாரா? அவர் நடைபாதைக்குத்தான் வருவார். பழைய நடைபாதைகள் பலவற்றின் அகலம் ஒன்றரை மீட்டர்தான். எதிரெதிரே வரும் இருவர் குடை பிடித்திருந்தால் ஒருவர் குடையைச் சாய்த்தாக வேண்டும். அந்த இடத்துக்குள் நடப்பவரையும் சைக்கிளையும் நெருக்கித் தள்ளிவிட்டு, பக்கத்திலேயே வாகனங்களுக்குப் பத்து மீட்டருக்கும் மேல் அகலம் கொடுத்திருக்கிறோம். உங்களை உரசிச் சென்றவர் தவறு செய்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவரை அங்கே விரட்டியது சாலை. நடைபாதை உங்களுக்கு முழுமையாகத் திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால், சாலையின் வேகம் குறைய வேண்டும், அல்லது சாலையிலிருந்து ஒரு பகுதியைச் சைக்கிளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: நான் இருபது ஆண்டுகளாக டாக்சி ஓட்டுகிறேன். 50ஐ 40 ஆக்கினார்கள்; இப்போது சில இடங்களில் 30 என்கிறார்கள். நேரம்தான் எங்களுக்குக் காசு. இது எங்கள் வயிற்றில் அடிப்பதாகாதா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: ஐயா, முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். வேகம் குறைக்கப்படும் குடியிருப்புச் சாலையின் நீளம் 600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எங்கும் நிற்காமல் 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 43 விநாடி ஆகும்; 30 கிலோமீட்டர் வேகத்தில் 72 விநாடி. வேறுபாடு அரை நிமிடத்துக்கும் குறைவு. நடுவில் ஒரு சிவப்பு விளக்கு வந்தால் அந்த வேறுபாடும் கரைந்துவிடும். விரைவுச்சாலைகளிலும் பெருஞ்சாலைகளிலும் உங்கள் வேகத்தை யாரும் தொடவில்லை. பயணத்தின் தொடக்கத்திலும் முடிவிலும், அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே செல்லும் சிறு பகுதியைப் பற்றித்தான் பேச்சு.

அந்த அரை நிமிடத்துக்கு ஈடாகக் கிடைப்பது என்ன என்பதை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதை நாம் யாரும் கண்ணால் பார்த்துக் கற்பதில்லை. நிறுத்தி வைத்த மூன்று கார்களின் நீளத்துக்கு அப்பால், அதாவது சுமார் 15 மீட்டர் தொலைவில், ஒரு சிறுவன் பந்தின் பின்னால் ஓடி வருகிறான். அவனைக் கண்டு பிரேக்கை மிதிக்க உங்களுக்கு ஒரு விநாடி ஆகிறது. சாலை உலர்ந்திருக்கிறது, பிரேக்கும் நன்றாக இருக்கிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஏறக்குறைய 13 மீட்டரில் வண்டி நின்றுவிடும். பையன் பயந்துபோவான், நீங்களும் பயந்துபோவீர்கள், இருவரும் வீட்டுக்குப் போவீர்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், உங்கள் கால் பிரேக்கைத் தொடுவதற்குள்ளாகவே வண்டி 14 மீட்டரைக் கடந்திருக்கும். மிச்சம் இருப்பது ஒரு மீட்டர். வண்டி அவன்மீது மோதும்போது வேகம் இன்னும் 48 கிலோமீட்டர் அளவில் இருக்கும். உங்களைவிடத் திறமையான ஓட்டுநர் அந்த இருக்கையில் இருந்தாலும் முடிவு இதுதான். 20 கிலோமீட்டர் வேறுபாடு சிறியதாகத் தோன்றுகிறது. ஆனால் மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 50இல் அது 30இல் இருப்பதைப்போல் ஏறக்குறைய 2.8 மடங்கு. 2020 பிப்ரவரியில் பல நாடுகள் கூடி வெளியிட்ட ஸ்டாக்ஹோம் பிரகடனம், நடப்பவர்களும் சைக்கிளோட்டிகளும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரை உச்ச வேகமாகக் கொள்ளச் சொன்னதற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். வெறும் பலகையை மாற்றிவிட்டு ஓட்டுநரைத் தண்டிப்பது முறையல்ல. நேராகவும் அகலமாகவும் எதிரே எதுவும் தெரியாமலும் போடப்பட்ட சாலை, ‘வேகமாகப் போ’ என்று காலுக்குச் சொல்கிறது. பலகை ‘மெதுவாகப் போ’ என்று கண்ணுக்குச் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்பவர் நீங்கள்தான். 2014 முதல் மூத்தோர் அதிகம் வாழும் இடங்களில் அமைக்கப்பட்டுவரும் ‘சில்வர் ஸோன்’ வட்டாரங்களில் இந்த முரண்பாட்டைக் குறைக்க முயன்றிருக்கிறார்கள். நேராக ஓடிய சாலையை வேண்டுமென்றே லேசாக வளைக்கிறார்கள், தடத்தைக் குறுக்குகிறார்கள், கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துகிறார்கள், நடுவில் ஓர் இடைத்திட்டு வைக்கிறார்கள். ஒருநாள் அத்தகைய சாலை ஒன்றில் நின்று பார்த்தேன். கைத்தடியோடு வந்த ஒரு மூதாட்டி வலப்பக்கம் மட்டும் பார்த்துப் பாதிச் சாலையைக் கடந்தார், திட்டில் நின்று மூச்சு வாங்கினார், பிறகு இடப்பக்கம் பார்த்து மீதியைக் கடந்தார். வந்த கார்கள் வளைவிலேயே வேகம் தணிந்திருந்ததால் எந்த ஓட்டுநரும் திடீரென்று பிரேக் போட வேண்டியிருக்கவில்லை. அங்கே காவலரோ கேமராவோ இல்லை.

கேள்வி: தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகள் பள்ளிக்குச் சைக்கிளில் போக விரும்புகிறாள். சாலையில் ஓட்டவிடலாமா? (பொங்கோல் வாசகர்)

பதில்: சாலையில் வேண்டாம். பூங்கா இணைப்புப் பாதையும் சைக்கிள் பாதையும் இருக்குமிடத்தில் அவற்றில் ஓட்டட்டும். அவை இல்லாத இடத்தில் நடைபாதையில் மெதுவாகச் செல்லட்டும். தலைக்கவசம் சாலையில் ஓட்டுபவர்களுக்கு மட்டுமே சட்டப்படி கட்டாயம் என்றாலும், எங்கே ஓட்டினாலும் அணிவித்து அனுப்புங்கள். முதல் இரண்டு வாரம் நீங்களும் கூடவே செல்லுங்கள். அவள் எந்த இடத்தில் தயங்குகிறாள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பு பிறகு பயன்படும். கடைசிக் கேள்வியில் அதைப் பற்றிச் சொல்கிறேன்.

கேள்வி: புதிய சிவப்புச் சைக்கிள் பாதை அழகாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சந்திப்பிலும் கார்நிறுத்த வாசலிலும் அது அறுந்துபோகிறது. ஆபத்து மிகுந்த இடத்தில்தானே பாதை தேவை? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 2030ஆம் ஆண்டுக்குள் சைக்கிள் பாதைகளைச் சுமார் 1,300 கிலோமீட்டர் அளவுக்கு விரிவாக்கும் திட்டம் நடந்துவருகிறது. நீளம் வேண்டியதுதான். ஆனால் சைக்கிளோட்டி வாகனத்தோடு மோதும் ஆபத்து மிகுந்திருப்பது பாதைகள் குறுக்கிடும் இடங்களில். நேர்ப்பாதையில் பிழைகள் மன்னிக்கப்படுகின்றன, சந்திப்பில் மன்னிக்கப்படுவதில்லை.

ஒரு கார்நிறுத்த வாசலை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லாத ஒரு வட்டாரத்தில் அண்மையில் அளந்து பார்த்தேன். சைக்கிள் பாதை வாசல்வரை வந்து, சாலை மட்டத்துக்கு இறங்கி, மறுபுறம் ஏறுகிறது. ஏறும் இடத்தில் விரற்கடை உயரத்துக்கு ஒரு விளிம்பு. சக்கரம் சாய்வாகப் பட்டால் வழுக்கிவிடும். காருக்கோ அங்கே எந்தத் தடையும் இல்லை, மூலையின் வளைவும் தாராளமாக இருந்ததால் ஓட்டுநர்கள் வேகத்தைக் குறைக்காமலே திரும்பினார்கள். யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதை அந்த அமைப்பு தவறாகச் சொல்லிக்கொடுக்கிறது. இதைத் தலைகீழாக்க வேண்டும்: நடைபாதையும் சைக்கிள் பாதையும் ஒரே மட்டத்தில், ஒரே நிறத்தில் வாசலைக் கடந்து செல்ல வேண்டும், கார்தான் ஏறி இறங்க வேண்டும். அப்போது, அடுத்தவர் இடத்தைக் கடக்கிறோம் என்பது ஓட்டுநருக்கு உடம்பிலேயே தெரியும்.

பெரிய சந்திப்புகளில், விளக்குக்கு முன்பே இடப்பக்கம் பிரிந்து செல்லும் கிளைத் தடங்கள்தான் என்னை மிகவும் கவலைப்பட வைக்கின்றன. ஓட்டுநர் வலப்பக்கம் வரும் வாகனங்களைத் திரும்பிப் பார்த்தபடியே நகர்கிறார். அவருக்கு முன்னால் கடப்பவர் அந்தப் பார்வையில் விழுவதே இல்லை. இடமிருந்தால் அந்தத் தடத்தையே அகற்றிவிட வேண்டும். அகற்ற முடியாத இடத்தில் கடக்கும் பகுதியை உயர்த்தி, வளைவை இறுக்கலாம். வலப்பக்கம் திரும்பும் வாகனங்களுக்குத் தனி அம்புக்குறி விளக்கு பொருத்தும் பணியை நிலப் போக்குவரத்து ஆணையம் 2018 முதல் செய்துவருவது, ‘இப்போது திரும்பலாமா’ என்ற ஊகத்தை ஓட்டுநரின் தலையிலிருந்து இறக்கிவைக்கும் வேலைதான். பேருந்து நிறுத்தங்களைப் பொறுத்தவரை வழி தெரிந்ததே: அங் மோ கியோவில் செய்திருப்பதுபோல் பாதையை நிறுத்தத்தின் பின்புறமாகக் கொண்டுசெல்வது. தீயணைப்பு வண்டி திரும்ப வேண்டுமே என்ற மறுப்பு எப்போதும் வரும். மூலையின் வெளிவிளிம்பில் பெரிய வண்டிகள் ஏறிச் செல்லக்கூடிய கரடுமுரடான கல் பரப்பை அமைத்தால் கார்கள் அதைத் தவிர்க்கும், தீயணைப்பு வண்டி தடையின்றித் திரும்பும்.

கேள்வி: நான் லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருக்கிறேன். சாலையைச் சுருக்கி, கார்நிறுத்தத்தை எடுத்துவிட்டால் வாடிக்கையாளர் எப்படி வருவார்? (சிராங்கூன் சாலை வட்டார வாசகர்)

பதில்: உங்கள் கவலை உண்மையானது, எல்லாக் கடைக்கும் நன்மையே விளையும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அரிசி மூட்டை விற்பவருக்கும் பூச்சரம் விற்பவருக்கும் தேவை ஒன்றல்ல. ஆனால் உங்கள் கடைவாசலில் ஒரு சனிக்கிழமை மாலை நின்று, உள்ளே வருபவர்களில் எத்தனை பேர் அந்தத் தெருவிலேயே காரை நிறுத்திவிட்டு வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்து வருபவர்களே மிகுதியாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன். இந்திய மரபுடைமை நிலையம் அமைந்துள்ள கேம்பல் லேன் இன்று நடப்பவர்களுக்கான வீதியாகத்தான் இருக்கிறது. சற்றுத் தள்ளியுள்ள பென்கூலன் ஸ்திரீட்டில், டௌன்டவுன் ரயில் பாதைப் பணிக்குப் பிறகு, 2017இல் நான்கு தடங்களில் இரண்டை எடுத்து அகலமான நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் கொடுத்தார்கள். நீங்கள் வலியுறுத்த வேண்டியது சரக்கு இறக்கும் நேரத்தைத்தான்: காலையில் குறிப்பிட்ட மணிநேரம் லாரிகள் வாசல்வரை வர அனுமதியும், கைவண்டி உருண்டு செல்லத் தடையில்லாத தரையும் எழுத்தில் உறுதியாகட்டும்.

கேள்வி: நெதர்லாந்தைச் சொல்கிறார்கள். அவர்கள் பண்பாடு வேறு, நம் வெயிலும் மழையும் வேறு அல்லவா? என் தரப்பில் நான் என்னதான் செய்வது? (பல்கலைக்கழக மாணவர், புக்கிட் பாத்தோக்)

பதில்: தம்பி, நெதர்லாந்தும் ஒரு காலத்தில் கார்களுக்கே தெருக்களைத் திறந்துவிட்ட நாடுதான். 1971இல் அங்கே சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்ற முழக்கத்தோடு பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அதன் பிறகே தெருக்கள் ஒவ்வொன்றாக மாற்றி அமைக்கப்பட்டன. பண்பாடு என்று நாம் இப்போது பார்ப்பது அந்த ஐம்பது ஆண்டு உழைப்பின் விளைச்சல்.

வெயிலுக்கு விடை மரம். நம் பெருஞ்சாலைகளின் ஓரத்து மழைமரங்கள் தரும் நிழல் சைக்கிள் பாதையின்மீது விழும்படி பாதையை அமைத்தால் பாதிச் சிக்கல் தீரும். மழைக்கு அத்தனை எளிய விடை கிடையாது. பெய்யும்போது காத்திருக்க வேண்டியதுதான். இருந்தாலும் நம் பயணங்களில் பல, வீட்டிலிருந்து எம்ஆர்டிக்கோ உணவங்காடி நிலையத்துக்கோ செல்லும் இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கியவை. பத்து நிமிட வேலை.

உங்கள் பங்குக்கு வருகிறேன். ‘ஃபிரெண்ட்லி ஸ்ட்ரீட்ஸ்’ என்ற திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது; முதலில் தேர்வான ஐந்து வட்டாரங்களில் உங்கள் பக்கத்துப் புக்கிட் பாத்தோக் வெஸ்ட்டும் ஒன்று. குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டபின் கடக்கும் இடங்களை உயர்த்துவது, சாலையைக் குறுக்குவது போன்றவற்றைச் செய்கிறார்கள். இத்தகைய கருத்துக் கேட்பில் ‘சாலை ஆபத்தாக இருக்கிறது’ என்று எழுதினால் பயன் குறைவு. எந்த புளோக்குக்கு எதிரே, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கமிருந்து வரும் வாகனம், கடப்பவர் எங்கே தயங்குகிறார் என்று எழுதுங்கள். உடைந்த விளிம்பு, மறைக்கும் செடி, மங்கிய கோடு போன்றவற்றை வட்டாரக் குறைகளைத் தெரிவிக்கும் ‘ஒன்சர்வீஸ்’ செயலியில் படத்தோடு அனுப்பலாம். பொங்கோல் வாசகர் மகளோடு சென்று எடுக்கும் குறிப்பு, ஈசூன் அம்மா சந்தையிலிருந்து திரும்பும் வழி, இரண்டும் இதற்குத் தேவையான சான்றுகள். அதிகாரிகளோடு நேரில் நடந்து காட்டும் வாய்ப்புக் கிடைத்தால், பிற்பகல் மூன்று மணிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். காலை ஏழு மணிக்கு, பள்ளி வாசலுக்குக் கார்கள் வரிசை கட்டும்போது வரச் சொல்லுங்கள்.