வலப்பக்க ஸ்டியரிங் வேனோடு குடிபெயர்வது: கேள்வி பதில்

கேள்வி: பிரிட்டனிலிருந்து ஜெர்மனிக்கு நிரந்தரமாகப் போகிறோம். ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தால் பதிவே செய்ய மாட்டார்கள் என்கிறார் நண்பர். உண்மையா?

இல்லை, அது பழைய கதை. போலந்தும் லிதுவேனியாவும் ஒரு காலத்தில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் மாற்றினால்தான் பதிவு என்று அடம்பிடித்தன. அது செல்லாது என்று 2014 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயினில் இப்படிப்பட்ட வண்டிகள் உள்ளூர் நம்பர் பிளேட்டோடு ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. உங்களை அலைய வைக்கப்போவது ஸ்டியரிங் இல்லை, விளக்கும் காகிதமும்தான்.

கேள்வி: வீட்டுச் சாமானோடு வேனையும் கொண்டு போனால் சுங்கவரி கிடையாதாமே?

கிடையாதுதான், ஆனால் நிபந்தனைகள் உண்டு. குடிபெயர்வோருக்கான ஐரோப்பிய ஒன்றியச் சலுகைப்படி, நீங்கள் குறைந்தது 12 மாதம் ஒன்றியத்துக்கு வெளியே குடியிருந்திருக்க வேண்டும். வண்டி குறைந்தது 6 மாதம் உங்களிடம் இருந்து, நீங்களே பயன்படுத்தியிருக்க வேண்டும். குடியேறிய 12 மாதத்துக்குள் உள்ளே கொண்டுவர வேண்டும். வந்த பிறகு ஒரு வருடம் விற்கவோ, வாடகைக்கு விடவோ, இரவல் தரவோ கூடாது. அவசரப்பட்டு விற்றால் விட்டுக்கொடுத்த வரியைத் திரும்பக் கேட்பார்கள்.

வேன்காரர்கள் சறுக்குகிற இடம் இன்னொன்று. வணிக வாகனத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. பின்னால் ஜன்னல் இல்லாத சரக்கு வேனைக் குடும்பத்துக்குத்தான் ஓட்டுகிறேன் என்று நீங்கள் சொல்லலாம். லாக் புக்கில் (பிரிட்டன் வண்டிப் பதிவு ஆவணம்) சரக்கு வாகனம் என்றிருந்தால் அதிகாரி அந்தக் காகிதத்தைத்தான் பார்ப்பார். படுக்கை, அடுப்பு வைத்து கேம்பர் ஆக்கியிருந்தால் கிளம்புவதற்கு முன்பே லாக் புக்கிலும் அப்படி மாற்றப் பாருங்கள். சலுகை இல்லையென்றால் 10 சதவீத சுங்கவரி, பெரிய டீசல் எஞ்சின் சரக்கு வேனுக்கு 22 சதவீதம் வரை. அதையும் சேர்த்த தொகைமேல் வாட் (மதிப்புக் கூட்டு வரி); ஜெர்மனியில் 19, பிரான்சில் 20 சதவீதம். 10 சதவீதச் சுங்கவரி என்றாலே வேன் விலையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அங்கேயே போய்விடும்.

கேள்வி: ஹெட்லைட்டில் ஸ்டிக்கர் ஒட்டினால் போதாதா?

சுற்றுலா போய்வர போதும். பதிவுக்கான பரிசோதனைக்குப் போதாது. இடப்பக்கம் ஓட்டும் நாட்டு வண்டியில் டிப் வெளிச்சம் (தாழ்த்திப் போடும் ஹெட்லைட்) இடது ஓரம் மேலே ஏறி, சாலையோரத்தைக் காட்டும்படி வெட்டியிருப்பார்கள். வலப்பக்கம் ஓட்டினால் அந்த ஏற்றம் நேரே எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். சில மாடல்களில் விளக்கின் பின்மூடியைக் கழற்றினால் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். தள்ளினால் ஏற்றம் மறைந்து வெளிச்சம் சமமாகிவிடும். அதைப் பரிசோதகர் ஏற்பாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லாவிட்டால் இரண்டு விளக்கையும் மாற்றத்தான் வேண்டும்.

பின்பக்கப் பனிவிளக்கையும் மறக்காதீர்கள். ஒன்றுதான் இருக்கிறதென்றால் அது இடப்பக்கமோ நடுவிலோ இருக்க வேண்டும். உங்களுடையது அநேகமாக வலப்பக்கம் இருக்கும். பல வேன்களில் மறுபக்க விளக்குக் கூட்டிலும் பல்புக்கு இடம் விட்டிருப்பார்கள். பல்பும் கொஞ்சம் வயரும் போதும். காராஜுக்குப் போவதற்கு முன் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்டியரிங்கையே இடப்பக்கம் மாற்றிவிட்டால்?

வேண்டாம். ஸ்டியரிங் ரேக், பிரேக் இணைப்பு, டேஷ்போர்டு, வைப்பர், ஏர்பேக் எல்லாம் சேர்ந்து மாறும். அந்தக் காசுக்கு அங்கேயே ஒரு வேன் வாங்கிவிடலாம்.

கேள்வி: ஓட்டுவதற்குக் கஷ்டமா, அண்ணா?

நெடுஞ்சாலையில் இல்லை. இரு வழிச் சாலையில் லாரியை முந்தும்போதுதான் தெரியும்; நீங்கள் ஓரத்துப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் எதிரே வருவது தெரியாது. நன்றாகப் பின்தங்கி நின்றால் பார்வை திறக்கும். தெரியவில்லை என்றால் முந்தாதீர்கள், அவ்வளவுதான்.

அதைவிட எனக்குப் பயம் பக்கவாட்டு இழுகதவு. அது இடப்பக்கம் மட்டும் இருந்தால், வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் போக்குவரத்துக்குள்தான் திறக்கும். குழந்தைகள் குதித்து இறங்குகிற வீடென்றால் இரு பக்கமும் கதவுள்ள வேனைப் பாருங்கள், அல்லது இந்த யோசனையையே விடுங்கள்.

கேள்வி: கனடா, அமெரிக்கா?

வயதுதான் கணக்கு. அவர்களுடைய பாதுகாப்புத் தரத்தில் தயாரிக்கப்படாத வண்டி கனடாவுக்கு 15 வருடம், அமெரிக்காவுக்கு 25 வருடம் கடந்திருக்க வேண்டும். முதல் பதிவு தேதியை அல்ல, தயாரான மாதத்தை வைத்து எண்ணுங்கள். கனடாவில் மாகாணமும் பார்க்கணும். கியூபெக்கில் வலப்பக்க ஸ்டியரிங் என்றால் 25 வருடம். அப்புறம், வண்டியில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. சக்கர வளைவுக்குள்ளும் அடிப்பாகத்திலும் அழுத்தநீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுக் கப்பலேற்றுங்கள்.

கேள்வி: பிலிப்பைன்ஸுக்கு மாற்றலாகிறது. கொண்டு போகலாமா?

விற்றுவிட்டுப் போங்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டமே அங்கே வலப்பக்க ஸ்டியரிங் வண்டியைத் தடை செய்கிறது.

கேள்வி: கிளம்பும் முன் கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

லாக் புக், வாங்கிய ரசீது, பழைய நாட்டு முகவரிக்கும் புதிய நாட்டு வீட்டுக்கும் ஆதாரம். கூடவே வண்டி ஐரோப்பியத் தரத்துக்கு ஏற்றது என்று உற்பத்தியாளர் தரும் இணக்கச் சான்றிதழ். சேசிஸ் நம்பரைக் கொடுத்து இப்போதே கேட்டு வையுங்கள், அது இல்லாவிட்டால் தனித்தனிப் பரிசோதனை என்று இழுத்தடிப்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் புது பிளேட் வரும் வரை வெளிநாட்டில் காப்பீடு செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். போனில் சரி என்றது விபத்து நடந்தால் உதவாது.