மெஷினுக்கென்று ஒரு கார்டு: காப்பியர் ஃபர்ம்வேர் கேள்வி பதில்

இந்த முறை ஒரே விஷயம்: காப்பியரில் ஃபர்ம்வேரை, அதாவது மெஷினை இயக்கும் உள் நிரலை, ஏற்றப் பயன்படும் மெமரி கார்டும் பென் டிரைவும். டிரம் எத்தனை காப்பி வரும் என்று கேட்ட நான்கு பேர் அடுத்த முறை வரை பொறுத்துக்கொள்ளவும். சென்னையில் 22 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் பையில் ஸ்க்ரூடிரைவர், டோனர் துடைக்கும் துணியோடு ஒரு பழைய டிபன் டப்பாவும் இருக்கும். அதில் ஆறு எஸ்டி கார்டு, மூன்று பென் டிரைவ். அந்த டப்பாவை நம்பித்தான் இந்தப் பதில்கள்.

சிந்தாதிரிப்பேட்டை, சர்வீஸுக்குப் புதியவர்: அண்ணே, ரிச்சி தெருவில் 64 ஜிபி கார்டு வாங்கினேன். பழைய ரிக்கோ கம்பெனி காப்பியரில் போட்டால் கார்டு இருப்பதாகவே காட்டவில்லை. டூப்ளிகேட்டா?

கார்டு அசலாகவே இருக்கலாம், தம்பி. மெஷின்தான் பழசு. வெளியே ஒரே அளவில் இருந்தாலும் எஸ்டி கார்டில் தலைமுறைகள் உண்டு. 2 ஜிபி வரை சாதாரண எஸ்டி. அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஹெச்சி, இது 2006இல் வந்தது. 32க்கு மேல் எஸ்டிஎக்ஸ்சி, இது 2009இல் அறிவித்தது. அதற்கு முன் வடிவமைத்த கன்ட்ரோலர் போர்டுக்குப் புதுக் கார்டின் பாஷையே தெரியாது. பழைய கார்டில் தகவல் இருக்கும் இடத்தை பைட் கணக்கில் கேட்பார்கள். எஸ்டிஹெச்சியிலிருந்து 512 பைட் கொண்ட பிளாக் கணக்கு. அதனால் பெரிய கார்டை 1 ஜிபி பார்ட்டிஷனாக வெட்டிக் கொடுத்தாலும் பழைய மெஷின் ஏற்காது. நிறைய பேர் இதில் ஒரு மதியத்தையே தொலைத்திருக்கிறார்கள், நானும்தான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 2 ஜிபி கார்டு தன் பிளாக் அளவை 1,024 பைட் என்று சொல்லும். மிகப் பழைய சில கருவிகள் 512ஐ மட்டும்தான் எதிர்பார்க்கும். அவற்றுக்கு 1 ஜிபியோ அதற்குக் குறைவோதான் சரிப்படும்.

அதே தம்பி: அப்போ 2 ஜிபி கார்டுக்கு எங்கே போவது அண்ணே? கடைக்காரர் சிரிக்கிறார்.

சிரிக்கத்தான் செய்வார். வீட்டில் பழைய டிஜிட்டல் கேமரா கிடந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். அப்புறம் ரிச்சி தெருவிலும் நரசிங்கபுரம் தெருவிலும் கேமரா, பழைய உதிரி விற்கிற சின்னக் கடைகளில் விசாரியுங்கள். புதிதாகவே வேண்டுமென்றால் தொழிற்சாலைக் கருவிகளுக்கென்று செய்கிற கார்டு இருக்கிறது. டிரான்சென்ட், ஏபேசர் போன்றவர்கள் செய்கிறார்கள். விலை கூடுதல்தான், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். எஸ்டிஹெச்சி ஏற்கும் மெஷின் என்றால் 4, 8, 16 ஜிபியில் ஒன்று போதும்.

திருவல்லிக்கேணி, ஜெராக்ஸ் கடை: சார், கிளாஸ் 10, யூ3, வி30 என்று என்னென்னவோ போட்டிருக்கிறதே. எது வாங்கினால் சீக்கிரம் ஏறும்?

எதுவும் வித்தியாசம் காட்டாது. கிளாஸ் 10 என்றால் விநாடிக்கு குறைந்தது 10 எம்பி எழுதும், யூ3யும் வி30யும் 30 எம்பி. வீடியோ எடுப்பவருக்கு அது முக்கியம். இங்கே மெஷின் கார்டைப் படிக்க மட்டும்தான் போகிறது. நேரம் பிடிப்பது மெஷின் தன் சொந்த மெமரியை அழித்துவிட்டுத் திரும்ப எழுதுவதில். காசை மிச்சம் பிடியுங்கள்.

பல்லாவரம்: ஆன்லைனில் மலிவாக 64 ஜிபி கார்டு வந்தது. அசலா என்று எப்படிப் பார்ப்பது? போலியாகவே இருந்தாலும் ஃபர்ம்வேர் சில நூறு எம்பிதானே, அதற்குப் போதாதா?

இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். போலிக் கார்டில் உள்ளே உண்மையாக, உதாரணத்துக்கு, 8 ஜிபிதான் இருக்கும். கன்ட்ரோலர் சிப் மட்டும் 64 என்று பொய் சொல்லும். எட்டு வீடு இருக்கிற காம்பவுண்டு வாசலில் அறுபத்து நாலு தபால் பெட்டி மாட்டியதுபோல. எட்டு வரைக்கும் தபால் சரியாகப் போய்ச்சேரும். ஒன்பதாவதிலிருந்து காற்றில் போகும், அல்லது முதல் வீட்டுக் கடிதத்தின் மேலேயே விழும்.

சில நூறு எம்பி அந்த முதல் எட்டுக்குள் அடங்கிவிடும் என்பது சரி. ஆனால் பொய் கன்ட்ரோலர் போட்டு விற்பவன் உள்ளே எந்த மாதிரி சிப் வைத்திருப்பான்? தரச் சோதனையில் தள்ளுபடி ஆனது, பழைய கருவியிலிருந்து பெயர்த்தது, இப்படித்தான். இன்றைக்குச் சரியாகப் படிக்கும் இடம் அடுத்த வாரம் ஒரு பிட் மாறிப் படிக்கும். புகைப்படத்தில் ஒரு பிட் மாறினால் ஒரு கோடு விழும். ஃபர்ம்வேரில் மாறினால், நல்ல மெஷின் கணக்குப் பார்த்து மறுத்துவிடும், இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும். அதனால் போதாது.

சோதிக்க விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஜெர்மனியில் எழுதிய இலவச நிரல் இருக்கிறது. லினக்ஸில் எஃப்3. ‘ஃபைட் ஃப்ளாஷ் ஃபிராட்’ என்பதன் சுருக்கம், பெயரே வேலையைச் சொல்லிவிடுகிறது. இரண்டும் கார்டு முழுவதையும் எழுதி நிரப்பித் திரும்பப் படித்து ஒப்பிடும். பெரிய கார்டுக்கு மணிக்கணக்கில் ஆகும். இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள். பெயர் பெற்ற கம்பெனி, பில், சீல் பிரிக்காத அட்டை எல்லாம் இருந்தாலும் நான் சோதிக்காமல் டப்பாவில் போடுவதில்லை. பர்மா பஜாரில் வாங்கியது பாஸானதும் உண்டு, ஏசி ஷோரூமில் பில்லோடு வாங்கியது ஃபெயிலானதும் உண்டு.

கோடம்பாக்கம், பிரிண்ட் கடை நடத்துபவர்: அண்ணா, கடையில் எப்போதும் ஒரு பென் டிரைவ் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். அதிலேயே ஏற்றலாமா?

வேண்டாம்மா. பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வந்த காலேஜ் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், கடையில் பென் டிரைவைக் கொடுத்து ஷார்ட்கட் வைரஸோடு திரும்பிய கதை எல்லோரிடமும் இருக்கும். அந்த வைரஸ் கம்ப்யூட்டருக்கானது, காப்பியரை ஒன்றும் செய்யாது. ஆனால் ஃபோல்டரை மறைத்துவைத்துவிடும், மெஷின் தேடினால் கிடைக்காது. அதோடு தினமும் எழுதி அழித்துக் களைத்த டிரைவ் அது. ஃபர்ம்வேருக்கென்று தனியாக ஒன்று வைத்து, மேலே ‘தொடாதே’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஆவடி: பென் டிரைவ் கம்ப்யூட்டரில் நன்றாகத் திறக்கிறது. மெஷினில் மட்டும் தெரியவில்லை.

எனக்கு வரும் போனில் பாதி இதுதான். முதலில் ஃபார்மேட், அதாவது டிரைவில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை. பெரும்பாலான மெஷின் கேட்பது ஃபேட் 32 என்ற பழைய முறை. 64 ஜிபி டிரைவ் கடையிலிருந்து வரும்போதே பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற புது முறையில் இருக்கும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் மெனுவும் 32 ஜிபிக்கு மேல் ஃபேட் 32ஐக் காட்டாது. அதற்குத்தான் 8 அல்லது 16 ஜிபி வாங்கச் சொல்வது.

அடுத்து, அந்த டிரைவில் எப்போதாவது விண்டோஸ் இன்ஸ்டால் செய்ய பூட் போட்டீர்களா? போட்டிருந்தால் உள்ளே இரண்டு மூன்று பார்ட்டிஷன் இருக்கலாம். கம்ப்யூட்டர் அதைச் சமாளிக்கும். காப்பியர் முதல் பார்ட்டிஷனை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். விண்டோஸில் இருக்கும் டிஸ்க்பார்ட் கட்டளையில் முழுவதும் சுத்தம் செய்து, எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் ஒரே பார்ட்டிஷனாகப் போடுங்கள். டிஸ்க் எண்ணை இரண்டு தடவை பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள், லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கை அழித்தவர்கள் இருக்கிறார்கள். பாஸ்வேர்ட் கேட்கும் டிரைவும், செருகினால் கூடவே சிடி ஒன்று திறக்கும் பழைய டிரைவும் உதவாது. பழைய யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் தரும். சில யுஎஸ்பி 3 டிரைவ் அதில் தடுமாறும். ஒரு சாதாரண யுஎஸ்பி 2 டிரைவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஹப், எக்ஸ்டென்ஷன் வயர் எதுவும் நடுவில் வேண்டாம்.

பெரம்பூர்: மைக்ரோ எஸ்டியை அடாப்டரில் போட்டுப் பயன்படுத்தலாமா?

அவசரத்துக்கு வேலை செய்யும். ஆனால் கார்டுக்கும் மெஷினுக்கும் நடுவே இன்னொரு காண்டாக்ட் வருகிறது. அடாப்டரின் தகடு தளர்ந்திருந்தால் பாதியில் விட்டுப்போகும். பக்கத்தில் இருக்கும் லாக் பட்டன் தானாகவே கீழே நழுவி, கார்டு எழுத முடியாததாகிவிடும். ரிக்கோவில் அதற்கே எரர் வரும் சந்தர்ப்பம் உண்டு. முழு அளவுக் கார்டே வாங்குங்கள்.

வடபழனி: கார்டில் காப்பி செய்தேன், மெஷின் ‘டேட்டா இல்லை’ என்கிறது. இன்னொரு தடவை பாதியில் எரர்.

முதலாவது ஃபோல்டர் விஷயம். ரிக்கோவுக்கு ‘ரோம்டேட்டா’ என்ற ஃபோல்டர் கார்டின் மேல்மட்டத்திலேயே இருக்க வேண்டும். விரித்தெடுக்கும்போது ஃபோல்டருக்குள் ஃபோல்டராக விழுந்துவிடும், அதை யாரும் கவனிப்பதில்லை. பெயரையும் மாற்றக்கூடாது. மற்ற கம்பெனிகளும் இப்படித் தங்களுக்கென்று ஓர் ஒழுங்கு வைத்திருக்கின்றன. அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் ஊகிக்காதீர்கள்.

பாதியில் எரர் என்றால் காப்பியே கெட்டுப்போயிருக்கலாம். ஃபைலின் செக்சம், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், அசலோடு ஒத்துப்போகிறதா பாருங்கள், விண்டோஸில் சர்ட்யூட்டில் கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. ஒரு நுணுக்கம்: காப்பி முடிந்த கையோடு பார்த்தால் கம்ப்யூட்டர் தன் ரேமில் இருப்பதையே படித்து ‘எல்லாம் சரி’ என்று சொல்லிவிடலாம். முறைப்படி எஜெக்ட் செய்து, கார்டை உருவி, மறுபடி செருகி, அப்புறம் பாருங்கள். அப்போதுதான் கார்டிலிருந்தே படிக்கும்.

அண்ணா நகர்: கேனனுக்கு எந்தக் கார்டு?

கார்டே வேண்டாம். லேப்டாப்பில் சர்வீஸ் சப்போர்ட் டூல் வைத்து நேரடியாக ஏற்றுவது அவர்கள் வழக்கம். ஐஆர் அட்வான்ஸ் வரிசையில் பென் டிரைவ் வழியும் உண்டு, மேலே ஆவடிக்காரருக்குச் சொன்னது அதற்கும் பொருந்தும்.

குரோம்பேட்டை: நடுவில் கரண்ட் போனால்? யுபிஎஸ் போதுமா?

கம்ப்யூட்டருக்கு வாங்கிய 600 விஏ யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள். சூடேறும்போது மெஷின் 1,500 வாட் வரை இழுக்கும். யுபிஎஸ் கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துவிடும், நாமே கரண்ட் கட் செய்த மாதிரி ஆகும். மின்வாரியத்தின் பராமரிப்புத் தடை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை. ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டினால் நான் ஃபர்ம்வேர் வேலையைத் தொடவே மாட்டேன். லேன் வயரைக் கழற்றிவிடுங்கள், நடுவில் யாரும் பிரிண்ட் கொடுக்காமல் இருக்கட்டும். மூடிகளைத் திறக்காதீர்கள். ஸ்க்ரீனில் வரும் சதவீதம் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிந்தாலும் சும்மா இருங்கள். டீக்கடைக்குப் போவது நல்லது.

அம்பத்தூர்: ஸ்லாட்டில் ஏற்கெனவே ஒரு கார்டு இருந்தது. அதையே ஃபார்மேட் செய்து பயன்படுத்தலாமா?

ஐயோ, தொடாதீர்கள்! அது பெரும்பாலும் வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய ஆப்ஷன் கார்டு, மெஷினுக்குக் கூடுதல் வசதி தருவது: போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பிரிண்ட் மொழி, பாதுகாப்பு மாதிரி. சாதாரண ஃபைல்போல காப்பி எடுத்து இன்னொரு கார்டில் போட்டால் அது வேலை செய்யாது. என்னோடு இருந்த ஒரு பையன், ஒரு ஆபீஸ் மெஷினில், ‘காலியாகத்தானே இருக்கு’ என்று ஃபார்மேட் செய்துவிட்டான். புது ஆப்ஷனுக்கான காசு என் பாக்கெட்டிலிருந்து போனது. அன்றிலிருந்து என் கார்டுகளில் எல்லாம் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு இருக்கும். பொட்டு இல்லாத கார்டு எனதில்லை.

மயிலாப்பூர்: கார்டு எத்தனை வருடம் வரும்?

எழுதும் எண்ணிக்கையால் நம் கார்டு சாகாது, வருடத்துக்கு எத்தனை தடவை எழுதப்போகிறோம்? உள்ளே மின்னூட்டமாகச் சேமித்திருப்பது மெல்லக் கசியும் என்பதுதான் கவலை. வெயிலில் அது வேகமாகும். மே மாதம் ஸ்கூட்டர் டிக்கியில் கார்டை விட்டுவைக்காதீர்கள். போன வருடம் ஏற்றிய ஃபைலை நம்பாமல், ஒவ்வொரு வேலைக்கு முன்பும் ஃபார்மேட் செய்து புதிதாக எழுதுகிறேன். எஸ்டி கார்டு தரத்தை வகுக்கும் எஸ்டி சங்கம் இலவசமாகத் தரும் ஃபார்மேட்டர் அதற்கு நல்லது.

திரும்பவும் சிந்தாதிரிப்பேட்டைத் தம்பி: அண்ணே, கடைசியாக. உங்கள் டப்பாவை ஒரு நாள் கடன் கிடைக்குமா?

கிடைக்காது. உங்கள் கார்டைக் கொண்டு வாருங்கள், ராத்திரி டெஸ்டில் போட்டு வைக்கிறேன். பாஸானால் பொட்டு வைத்துத் தருகிறேன். கலர் மட்டும் வேறு.