மூடிப் பூட்டை எடுக்கலாமா?

அன்புள்ள ஐயா,

சமையலறைச் சாதனங்கள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன். எங்கள் ஃபுட் பிராசசரில் மூடி சரியாகப் பூட்டினால்தான் மோட்டார் ஓடும். அதற்கு ஒரு மெக்கானிக்கல் ஸ்விட்ச் உண்டு. புது மாடலில் செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டு, சென்சரும் புரோகிராமும் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். எந்தப் பாகம் எப்படிக் கெடலாம், கெட்டால் என்ன ஆகும் என்று பட்டியலிடும் எஃப்எம்ஈஏ தாளில் ஆபத்து மதிப்பெண் குறைவாக வந்ததால் கூட்டத்தில் பாஸாகிவிட்டது. “இதுவரை ஒரு புகார்கூட வரவில்லையே” என்று என் வாயை அடைத்துவிட்டார்கள். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

வீண் பயமில்லை. புகார் வராததற்கே அந்த ஸ்விட்ச்தான் காரணமாக இருக்கலாம்.

கனடாவின் ஏஈசிஎல் நிறுவனம் செய்த தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தைப் பற்றித் தேடிப் படியுங்கள். முந்தைய தெராக்-20இல் தவறான நிலையில் கதிர் பாயாமல் தடுக்கத் தனி மின்சுற்றும் பூட்டுகளும் இருந்தன. 25இல் அந்த வேலையில் பெரும்பகுதியை மென்பொருளிடம் ஒப்படைத்தார்கள். 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேர் மீது அளவுக்கு மீறிய கதிர் பாய்ந்தது. சிலர் இறந்தே போனார்கள். டெக்சாஸின் டைலர் நகரில் நடந்தது இது: திரையில் தவறாக அடித்ததை ஆபரேட்டர் 8 விநாடிக்குள் மளமளவென்று திருத்திவிட்டால், இயந்திரம் பாதித் திருத்தத்தைத்தான் எடுத்துக்கொண்டது. கை பழகப் பழக ஆபத்து கூடியிருக்கிறது!

எனக்குத் திக்கென்று இருந்த இடம் வேறு. அதே பிழை தெராக்-20இலும் இருந்தது. அங்கே அந்தத் தனிச் சுற்று தடுத்துவிடும், ஃபியூஸ் மட்டும் போகும். மாற்றிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். யாருக்கும் அடிபடவில்லை, அதனால் யாரும் தோண்டவும் இல்லை. 1983இல் 25க்குச் செய்த பாதுகாப்பு ஆய்விலோ மென்பொருளைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

உங்கள் தாளுக்கு வருவோம். தீவிரம், நிகழும் வாய்ப்பு, கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மூன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண் போட்டுப் பெருக்குகிறீர்கள். விரலை வெட்டும் கோளாறு 10×2×2, அதாவது 40. மூடியில் கீறல் விழுவது 4×4×4, 64. கீறல்தான் முந்திக்கொள்கிறது! அமெரிக்க, ஜெர்மானிய வாகனத் துறை அமைப்புகள் சேர்ந்து 2019இல் வெளியிட்ட கையேடு இந்தப் பெருக்கலையே கைவிட்டு, தீவிரத்தை முதலில் பார்க்கச் சொல்கிறது. அதைக் கூட்டத்தில் எடுத்துக் காட்டுங்கள்.

ஆனால் தாளோடு நிறுத்தாதீர்கள். பழைய மாடலில் பத்து மெஷினை எடுத்து, மூடி சரியாகப் பூட்டாத நிலையில் யாராவது ஆன் செய்தால் எண்ணிக்கொள்கிற மாதிரி ஒரு கவுண்டர் வையுங்கள். தெரிந்த வீடுகளில் ஒரு மாதம் கொடுத்துவிட்டு வந்து பாருங்கள். அந்த ஸ்விட்ச் எத்தனை தடவை சத்தமில்லாமல் காப்பாற்றியது என்று தெரிந்துவிடும். குக்கரில் வெயிட் இருக்கிறதே என்று சேஃப்டி வால்வை யாராவது எடுப்பார்களா? வெயிட் அடைத்துக்கொள்ளும் அந்த ஒரு நாளுக்காகத்தானே அது வருஷக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

சென்சர் வேண்டாம் என்று சண்டை போடாதீர்கள், அதுவும் இருக்கட்டும். ஆனால் புரோகிராம் என்ன சொன்னாலும், மோட்டாருக்குப் போகிற கரண்ட் அந்தப் பழைய ஸ்விட்ச் வழியாகத்தான் போக வேண்டும். இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.