கையில்லாத ஊமன்

ஐயா, வணக்கம்.

மதுரையில் வசிக்கிறேன். என் மகனுக்கு எட்டு வயது. பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. காதுக்கருவி மாட்டி, எல்லாப் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிக்குத்தான் அனுப்புகிறோம். பேச்சுப் பயிற்சிக்கும் போகிறான். பையன்கள் 'செவிட்டு மெஷின்' என்று கேலி செய்வதால் கருவியைக் கழற்றிப் பென்சில் டப்பாவுக்குள் வைத்துவிடுகிறான். கைஜாடை பழகினால் வாய்ப்பேச்சு வராது என்றார்கள். அதனால் அவனிடம் ஜாடையில் பேசக்கூடாது என்று என் மாமியாரைக் கண்டித்து வைத்திருக்கிறேன். போன வாரம் பள்ளி இறைவணக்கத்தில் 'செல்வத்துட் செல்வம் செவிச்செல்வம்' என்று பிள்ளைகள் ஒப்பித்தபோது இவன் வரிசையில் நின்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நம் இலக்கியத்தில் இவனைப் போன்றவர்களுக்கு நல்ல இடமே இல்லையா? அவன் படிக்கக் கதைப் புத்தகம் ஏதாவது சொல்லுங்கள். 'மாற்றுத்திறனாளி' என்பதா, 'காது கேளாதவன்' என்பதா என்றும் குழப்பமாக இருக்கிறது. பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது மேசையில் குறுந்தொகை விரித்தபடி கிடந்தது. 58ஆம் பாட்டு. பத்து நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். அரசாங்கத் தாளில் மாற்றுத்திறனாளி என்று எழுதுங்கள், வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். குறளுக்காக அழ வேண்டாம். அந்த அதிகாரத்தின் பெயரே கேள்வி. கற்றவர்களிடமிருந்து தெரிந்துகொள்வதைத்தான் வள்ளுவர் செல்வம் என்கிறார், அது கண் வழியாகவும் வந்து சேரும். கருவி விஷயத்தில் கேலி ஒன்றுதான் காரணம் என்று நினைக்காதீர்கள். ஆசிரியர் குரலைப் பெரிதாக்குகிற கருவி மின்விசிறிச் சத்தத்தையும் பெஞ்சு இழுபடுகிற சத்தத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். நாற்பது பிள்ளைகள் இருக்கிற அறையில் அது எப்படியிருக்கும் என்று அவனைத்தான் கேட்க வேண்டும். எந்த மொழியில் கேட்பீர்கள்?

மாமியாரைக் கண்டித்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் தணியவில்லை.

என் அத்தை மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். பூக்கட்டிப் பிழைத்த குடும்பம். அவருடைய மகனுக்குக் காது கேட்காது. என் வயதுதான். அவனுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தும் ஊரில் யாரும் அதைச் சொன்னதில்லை. கூப்பிட்டால் கேட்கவா போகிறது என்பது அவர்கள் நியாயம். ஆனால் அவன் எங்கள் எல்லோருக்கும் பெயர் வைத்திருந்தான். மீசையை முறுக்கினால் என் அப்பா. புருவத்தின் மேல் விரலை இழுத்தால் நான், அங்கே எனக்கு ஒரு தழும்பு உண்டு. கடிவாளத்தைப் பிடித்து இழுத்து, உடனே இரண்டு கையாலும் தண்ணீர் பீய்ச்சினால் அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்று அர்த்தம். சித்திரை வருவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே அந்தக் கடிவாளத்தை இழுத்துக்கொண்டிருப்பான்.

பூக்கட்டுகிறவர்களுக்கு இரண்டு கையும் ஓயாது. நாரை ஒரு விரலில் சுற்றி, நாலு மொட்டை எதிரெதிரே வைத்து முடிச்சுப் போட்டு இழுப்பார்கள், உடனே அடுத்த கண்ணி. அத்தை கட்டும்போது அவன் எதிரே உட்கார்ந்திருப்பான். மகனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சரத்தை மடியில் போட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். முழத்துக்குக் காசு. ஒருநாள்கூட அத்தை அதற்குச் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. மல்லிகை மடியில் கிடக்கும், இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

ஒன்பது வயதில் அவனை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே பேச்சு சொல்லிக்கொடுத்தார்கள். உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு 'ப' சொல்ல வேண்டும், காகிதம் ஆட வேண்டும். கை அசைந்தால் விரல் கணுவில் ஸ்கேல் விழும். பாட நேரம் முழுக்கக் கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார வேண்டும்.

பொங்கல் விடுமுறைக்கு வந்தவன் வாசலில் நின்று "அம்மா" என்றான். தெருவே கூடிவிட்டது. இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்று சாயங்காலம் வரை சொல்ல வைத்தார்கள். அத்தை அழுதார். ராத்திரி எல்லோரும் போன பிறகு சரத்தை மடியில் போட்டுவிட்டு, அங்கே நன்றாகச் சாப்பாடு போடுகிறார்களா என்று கையால் கேட்டார். அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு திரும்பி வாசலைப் பார்த்தான், யாராவது வருகிறார்களா என்று. தன் இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டான். எனக்கு அப்போது அது புரியவில்லை. புரிந்தபோது அத்தை இல்லை.

இப்போது அந்தப் பாட்டு. எழுதியவர் வெள்ளிவீதியார்.

'ஞாயிறு காயும் வெவ்வறை மருங்கில்
கையில் ஊமன் கண்ணின் காக்கும்
வெண்ணெய் உணங்கல் போல'

வெயில் கொதிக்கிற பாறையில் வெண்ணெய் இருக்கிறது. அதைக் காவல் காப்பவன் ஊமை, கையும் இல்லாதவன். உருகிப் பரவுவதைக் கண்ணால் பார்த்தபடி நிற்கிறான். தன் காதல் நோய் அப்படிப் பரவுகிறது என்று தன்னைக் கடிந்துகொள்ளும் நண்பனிடம் தலைவன் சொல்கிறான். கையில்லாததால் எடுத்து வைக்க முடியாது, வாயில்லாததால் ஆளைக் கூப்பிட முடியாது என்றுதான் வழக்கமாக விளக்குவார்கள். சரி. ஆனால் அவனுக்குக் கால் இல்லை என்று பாட்டு சொல்லவில்லையே? பக்கத்து வயலுக்கு ஓடி ஒருவன் முன்னால் போய் நிற்கலாமே? நிற்கலாம். நின்று எதைக் கொண்டு சொல்வான்? கையிருக்கிற ஊமனாக இருந்தால் பாறையைக் காட்டி, உருகுகிறது, சீக்கிரம் வா என்று நொடியில் சொல்லிவிடுவான். ஊமன் என்று மட்டும் சொல்லியிருந்தால் உவமை நிற்காது என்று அந்தப் புலவருக்குத் தெரிந்திருக்கிறது. அவனுக்கு வாய் எங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் கையை எடுத்திருக்கிறார். ஊமையையும் செவிடையும் குறைப்பிறவிகளின் பட்டியலில் வைத்த புறநானூற்று 28ஆம் பாட்டும் நம்முடையதுதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இலக்கியத்தில் இடம் உண்டா என்று கேட்டீர்களே, இதைவிட என்ன இடம் வேண்டும்?

வெள்ளிவீதியாருக்குத் தெரிந்தது 1880இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் மாநாடாகக் கூடிய கல்வியாளர்களுக்குத் தெரியவில்லை. காது கேளாதோர் பள்ளிகளில் வாய்ப்பேச்சு மட்டுமே, கைமொழி கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். கூடிய 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். உலகம் முழுக்கப் பள்ளிகள் அந்த வழியில் போயின. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானத்தைத் தள்ளி, விளைந்த கேட்டுக்கு வருத்தம் தெரிவித்தது. இடையில் 130 வருஷம். என் அத்தை மகனின் விரல் கணுக்கள் அந்த 130 வருஷத்தில் அடங்கும். இன்று உங்களிடம் 'ஜாடை பழகினால் பேச்சு வராது' என்று சொன்னவரும் அந்தத் தீர்மானத்தைத்தான், எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை. கருவியையும் மாட்டட்டும். ஆனால் கண்ணாடி முன்னால் நின்று, குரல் எழுப்பாமல் 'படம்' என்று சொல்லுங்கள், அப்புறம் 'மடம்' என்று சொல்லுங்கள். உதட்டில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? நாள் முழுக்க உங்கள் மகன் அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் அதுவும் இல்லை. களைத்து வீட்டுக்கு வருகிறவனிடம், யோசிக்காமல் புரிகிற ஒரே மொழியில் பேசிய கிழவியை நீங்கள் வாயடைக்க வைத்துவிட்டீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், தெரியும். எங்கள் வீட்டிலும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள்.

2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் கைமொழியைக் கல்வியில் வளர்க்கச் சொல்கிறது. டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் 2021இல் பத்தாயிரம் சொற்களுக்கு அகராதி போட்டிருக்கிறது. யூடியூபில் காசில்லாமல் பார்க்கலாம். நீங்களும் மாமியாரும் அவனுமாக உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஐந்து சொல் பழகுங்கள். ஜாடை என்று கேவலமாகச் சொல்வதை விடுங்கள், அது இலக்கணமுள்ள மொழி.

என் அத்தை மகன் விடுதியில், விளக்கணைத்த பிறகு, ஜன்னல் வெளிச்சத்தில் பெரிய பையன்களிடமிருந்து அந்த மொழியைத் திருடிக் கற்றுக்கொண்டான். இப்போது தையல்கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரியார் பஸ் நிலையப் பக்கம் அவன் கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அத்தனை வேகம். எனக்குப் பாதி புரியாது. என்னைப் பார்த்தால் புருவத்தின் மேல் விரலை இழுத்து அவர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பான்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். பிறகு யோசித்து எழுதுகிறேன். இன்றைக்கு மாமியாரிடம் போய், கதை சொல்லுங்கள் அத்தை, கையாலேயே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மன்னிப்பும் கேளுங்கள். உங்கள் மகன் உங்களுக்குக் கையில் ஒரு பெயர் வைத்திருப்பான். அது என்ன என்று அவனிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.