இயேசு விண்ணேறிப் போய்விட்டார் என்றால், "எந்நாளும் உங்களுடன் இருக்கிறேன்" என்றது எப்படி?

முதலில், விண்ணேற்றத்தை ராக்கெட் பயணம் மாதிரி எண்ண வேண்டாம். உயிர்த்து 40 நாட்களுக்குப் பின் ஒரு மேகம் அவரை மறைத்தது என்கிறது அப்போஸ்தலர் பணி. விவிலியத்தில் மேகம் வானிலைச் செய்தி அல்ல. சீனாய் மலையை மூடிய மேகத்தைப் போல, கடவுள் அங்கே இருப்பதன் அடையாளம். 'தந்தையின் வலப்பக்கம்' என்பதும் இருக்கை எண் அல்ல, அதிகாரம். அதுவும் ஆணித் தழும்போடுள்ள மனித உடலாகவே போனார். எனக்கு அதுதான் பெரிய விசயம்.

கலிலேயாவில் நின்றவர் அதே நேரம் எருசலேமில் நிற்க முடியாது. இப்போது அந்தக் கட்டு இல்லை. சீடர்கள் அழாமல் பெருமகிழ்ச்சியோடு திரும்பினார்கள் என்று லூக்கா எழுதுவது அதனால்தான்.

"ஏன் வானத்தைப் பார்த்து நிற்கிறீர்கள்?" என்று வெண்ணுடை அணிந்த இருவர் கேட்டார்களே. போர்க்காலத்தில் இலங்கையின் வடக்கே வன்னியில் நாங்கள் வானத்தை அண்ணாந்து பார்த்தது கிபிர் போர் விமானத்துக்குப் பயந்துதான்! 2008 ஏப்ரலில் மடுத் திருத்தலத்து மாதாவின் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. அப்புறம் கோவிலும் இல்லை. தறப்பாளுக்குக் கீழே, ஆடுகிற மேசையில் வெள்ளைத்துணி விரித்துப் பூசை நடக்கும். காற்றில் மெழுகுதிரி அணைந்தால் யாராவது கையால் மறைத்துப் பிடிப்பார்கள்.

அந்தப் பூசையின் அப்பத்தில் இயேசு மெய்யாகவே இருக்கிறார் என்பது கத்தோலிக்க நம்பிக்கை. மற்றச் சபைகள் வேறு விதமாகச் சொல்லும். தூய ஆவி வழியாகக் கூடியிருக்கிற சனத்தின் நடுவிலும் இருக்கிறார் என்பதில் எல்லோரும் ஒன்றுதான்.