சிறு குழந்தைகளுடன் ஆப்பிரிக்க சஃபாரி செல்லலாமா? கென்யாவில் நாங்கள் கண்டவை

சிறு பிள்ளைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்கு சஃபாரி செல்வது சரிப்படுமா, அங்கே விலங்குகளை உண்மையிலேயே பக்கத்தில் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மனைவியும், பதினொரு வயது மகள், ஏழு வயது மகன், அறுபத்து நான்கு வயதான என் அம்மா ஆகியோருமாக ஐந்து பேர் 2024 செப்டம்பர் இறுதியில் கென்யாவுக்குச் சென்று வந்தோம் என்பதால், அந்த ஒரு பயணத்தை வைத்துச் சொல்கிறேன்: தாராளமாகச் செல்லலாம். ஆனால் எத்தனை இடங்கள், எத்தனை விலங்குகள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு செல்வதாக இருந்தால் குழந்தைகளுடன் செல்ல வேண்டாம்.

முதலில் காலத்தைப் பற்றி. நம் பள்ளிகளின் கோடை விடுமுறை வரும் ஏப்ரல், மே மாதங்கள்தான் கென்யாவில் பெருமழைக்காலம். பாதைகள் சேறாகும், புல் உயர்ந்து நிற்கும், விலங்குகளுக்கு எங்கும் தண்ணீர் கிடைப்பதால் அவை சிதறிக் கிடக்கும். அதற்கு மாறாக, நம் காலாண்டு விடுமுறை வறண்ட பருவத்தின் கடைசிப் பகுதியில் வருகிறது. வில்டபீஸ்ட் எனும், மாட்டைப் போன்ற பெரிய மான்களின் கூட்டங்களும் அப்போது மாசாய் மாராவில்தான் இருக்கும். இந்தப் பொருத்தத்துக்கு விலையும் உண்டு. மாசாய் மாரா காப்பகத்தின் நுழைவுக்கட்டணம் 2024 முதல் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 200 டாலர். ஆண்டின் முதல் பாதியில் அது 100 டாலர்தான்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து சான்றிதழ் இல்லாமல் இந்தியாவுக்குத் திரும்பினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாது. நாங்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டோம். ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்த ஊசி போடுவதில்லை. அறுபதைக் கடந்தவர்களுக்கு அரிதாகக் கடுமையான பின்விளைவுகள் வரக்கூடும் என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அம்மாவை எங்கள் மருத்துவர் இரண்டு முறை வரச்சொல்லிப் பழைய மருந்துச் சீட்டுகளையெல்லாம் படித்த பிறகே சம்மதித்தார். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி விலங்குகளுக்கு வருகிறேன். நைரோபியிலிருந்து நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கும் அம்போசெலிதான் எங்கள் முதல் இடம். கிளிமஞ்சாரோ மலை தான்சானியாவுக்குள் இருந்தாலும் அதன் அடியில் ஊறி வரும் நீர் எல்லை தாண்டி அம்போசெலியில் சதுப்பு நிலங்களாக வெளிப்படுகிறது. சுற்றிலும் வெண்புழுதி பறக்கும் நிலம், நடுவில் மட்டும் பச்சை. பகல் ஏறியதும் யானைக் குடும்பங்கள் புழுதியைக் கடந்து அந்தப் பச்சைக்கு வரிசையாக வருகின்றன. வரிசை ஒன்று நம் பாதையைக் கடக்கப்போகிறது என்று தெரிந்ததும் ஓட்டுநர் வண்டியை வெகு முன்னதாகவே நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டார். முன்னால் ஒரு முதிய பெண் யானை, பின்னால் பெரியதும் சிறியதுமாகப் பதினான்கு என்று மகள் எண்ணினாள். ஒரு குட்டி தும்பிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் அதைச் சுழற்றியபடி தாயின் கால்களுக்கிடையில் நடந்தது.

கோயில் யானைகளைப் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு இதில் பெரிய குழப்பம். "எல்லாத்துக்கும் தந்தம் இருக்கே, அப்போ எல்லாம் ஆணா?" என்று கேட்டார். நம் யானைகளில் ஆணுக்கே நீண்ட தந்தம்; ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் உண்டு. நெற்றி கோணலாக இறங்கினால் பெண், உருண்டையாக வளைந்தால் ஆண் என்று ஓட்டுநர் காட்டிக்கொடுத்தார். அதன் பிறகு பயணம் முடியும் வரை எங்கள் வீட்டில் யானை என்றால் நெற்றியைப் பார்ப்பதுதான் வேலை. 1972 முதல் அம்போசெலி யானைகளைக் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்துவருகிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எழுத்து, அதில் பிறப்பவற்றுக்கு அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் என்ற முறையும் உண்டு. இந்தச் செய்தி என் மகனுக்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பிடித்துப்போயிற்று. அந்த இடத்திலேயே முக்கால் மணி நேரம் நின்றோம், ஒருவரும் "போகலாம்" என்று சொல்லவில்லை.

இடையே ஒரு சிறு வேடிக்கை. சுவாஹிலியில் தாயையும் வயதில் மூத்த பெண்களையும் மரியாதையாக "மாமா" என்று அழைப்பார்கள். ஓட்டுநர் அம்மாவை முதல் நாளே "மாமா, கீழே பார்த்து இறங்குங்கள்" என்ற பொருளில் ஏதோ சொல்லப்போக, என் மகன் சிரிப்பை அடக்க முடியாமல் இருக்கைக்கு அடியில் போய்விட்டான். சிங்கத்துக்கு அங்கே சிம்பா என்று பெயர். நம் சிம்மத்தோடு அது ஒத்து ஒலிப்பது தற்செயல்தான் என்று சொன்னாலும் மகள் ஏற்கவில்லை.

அடுத்துப் போன நகுரு ஏரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய படங்களில் காணும் இளஞ்சிவப்புப் பூநாரைக் கடல் அங்கே இப்போது இல்லை. ஏரியின் நீர்மட்டம் பல ஆண்டுகளாக உயர்ந்து உவர்ப்பு குறைந்ததால் அவற்றின் உணவான பாசியும் குறைந்து, பெரும்பாலானவை வேறு ஏரிகளுக்குச் சென்றுவிட்டன. ஆனால் காண்டாமிருகம் பார்க்க நல்ல இடம். அகன்ற வாயால் புல் மேய்வது வெள்ளை வகை, கூரிய மேலுதட்டால் தழையைப் பற்றி இழுப்பது கறுப்பு வகை. நிறத்தைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டும் சேற்று நிறம்தான்.

மாசாய் மாராவில் மூன்று இரவுகள் தங்கினோம். சிங்கங்களை இரண்டாம் மணி நேரத்திலேயே பார்த்துவிட்டோம், ஆனால் அவை ஒரு மர நிழலில் குவிந்து தூங்கிக்கொண்டிருந்தன. நாளில் இருபது மணி நேரம் வரைகூட ஓய்வெடுக்கும் விலங்கிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? எங்கள் வண்டியிலிருந்து பத்தடி தூரத்தில் ஒரு பெண் சிங்கம் கண்ணைத் திறந்து எங்களைத் தாண்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டது. வண்டியையும் உள்ளிருப்பவர்களையும் அது ஒரே உருவமாகத்தான் காண்கிறது என்பார்கள். கையை வெளியே நீட்டினாலோ இறங்கினாலோ அந்த உருவம் உடைந்துவிடும் என்பதால்தான் அவ்வளவு கண்டிப்பு. இதை மகனுக்குப் புறப்படும் முன்பே வீட்டில் வைத்துச் சொல்லியிருந்தோம்.

மனம் கசந்த ஒரே இடம் சிவிங்கிப்புலி (சீட்டா). வேட்டையாடும் விலங்கு ஒன்றைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. நாங்கள் போனபோது பதினேழு வண்டிகள் நின்றன. ஓட்டுநர்களின் வயர்லெஸ்ஸில் செய்தி பரவப் பரவ மேலும் வந்தன. சிங்கமும் கழுதைப்புலியும் இரவில் உலவும் என்பதால் அவற்றைத் தவிர்த்துப் பகலில் வேட்டையாடும் விலங்கு இது. பகல்தான் நமக்கும் சுற்றும் நேரம். சுற்றுலா வண்டிகள் மிகுந்த பகுதியில் சிவிங்கிப்புலிகள் வளர்த்து ஆளாக்கும் குட்டிகள் குறைவு என்று மாராவிலேயே ஆய்வு செய்து கண்டிருக்கிறார்கள். ஓட்டுநரிடம் திரும்பிவிடலாம் என்றேன். மகன் அழுதான். அன்று இரவு வரை என்னிடம் அவன் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாரா ஆற்றைக் கூட்டம் கடப்பதைக் காணவே பலர் அங்கு செல்கிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் மழையையும் புல்லையும் தொடர்ந்து தான்சானியாவின் செரெங்கெட்டிக்கும் மாராவுக்குமாக ஆண்டு முழுவதும் வட்டமாகச் சுற்றுகின்றன. மூன்றாம் நாள் காலை கரைமேட்டில் ஆயிரக்கணக்கில் கூடிவிட்டன. தெற்கில் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்த கன்றுகளும் இருந்தன. எந்தக் கூட்டத்துக்கும் தலைவன் கிடையாது. ஒன்று சரிவில் இறங்கி நீரை முகரும், பின்னால் நிற்பவை நெருக்கும், உடனே ஏதோ தோன்றி எல்லாம் சேர்ந்து மேலே ஓடும், புழுதி அடங்கியதும் மீண்டும் தொடங்கும். கீழே முதலைகள் மரக்கட்டைகளைப் போல் கிடந்தன. மூன்றேகால் மணி நேரம் காத்திருந்தோம், ஒன்றுகூடக் கடக்கவில்லை. மதியத்துக்கு மேல் கூட்டம் திரும்பி மேயப் போய்விட்டது. கழிப்பறைக்கு முனகிய பிள்ளைகள் கூட அந்த நேரம் முழுவதும் "இப்போ போகும், இப்போ போகும்" என்று கிசுகிசுத்துக்கொண்டே இருந்தார்கள். அம்மாவோ, "நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் ஏறுகிற மாதிரியே இருக்கு" என்றார்.

சில நடைமுறைகள். ஒரே நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பாதைப் பயணம் வராமல் திட்டமிடுங்கள். மாராவுக்குப் போகும் நாள் மட்டும் அதைத் தவிர்ப்பது கடினம். உயரமான நிலம் என்பதால் காலை ஆறு மணிக்குக் கூரை திறந்த வண்டியில் நின்றால் குளிர் எலும்பைத் தொடும், ஸ்வெட்டர் அவசியம். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், சப்பாத்தி அங்கே உள்ளூர் உணவாகவே ஆகிவிட்டது. சோளமாவில் கிண்டும் உகாலியை அம்மா நம் களி என்றே சொல்லிச் சாப்பிட்டார். பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் தடை, காப்பகங்களில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் புட்டிகளுக்கும் தடை என்பதால் எவர்சில்வர் புட்டிகளைக் கொண்டுபோங்கள். இருநோக்கி (பைனாகுலர்) குறைந்தது இரண்டு வேண்டும். நாங்கள் ஒன்றுதான் எடுத்துச் சென்றோம். நாங்கள் பார்த்த ஒரே சிறுத்தை மரத்திலிருந்து இறங்கிப் புல்லில் மறைந்தபோது இருநோக்கி யார் கையில் இருந்திருக்க வேண்டும் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.