தொண்ணூற்றிரண்டிலும் வெள்ளம் வந்ததே?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். சுற்றுச்சூழல் மன்றம் என் பொறுப்பு. போன மாதம் ஊர்க்காரர்களைக் கூட்டிக் காலநிலை மாற்றம் பற்றிப் பேசினேன். பனிப்பாறை உருகும் படமெல்லாம் போட்டுக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் ஒரு பெரியவர் எழுந்து, "தொண்ணூத்திரெண்டுலயும்தான் ஆத்துல வெள்ளம் வந்துச்சு டீச்சர். அதுக்கும் இந்தக் கார்பன்தான் காரணமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மக்களுக்கு இதை எப்படித்தான் புரியவைப்பது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அன்றைக்கு உங்கள் பேச்சை உண்மையாகவே கேட்டவர் அந்தப் பெரியவர்தான். மற்றவர்கள் தலையாட்டியதைவிட அவர் எழுந்து கேட்டது மேல். அவருக்கு நேரான பதில் சொல்ல வேண்டும்.

வெள்ளம் எப்போதும் வந்ததுதான். குமரிக்கடல் பக்கம் தாழ்வுநிலை உருவாவதும், மலையில் மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரள்வதும் புதிதில்லை. 1992 நவம்பர் வெள்ளத்தைக் கார்பன் கணக்கில் எழுத வேண்டியதும் இல்லை. மாறிக்கொண்டிருப்பது காற்று. தொழிற்சாலைகள் வருமுன் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு, 1992-இல் 356 ஆகியிருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. அதனால் பூமியும் கடலும் சூடாகின்றன. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும். பழைய தாழ்வுநிலையேதான் வருகிறது என்றாலும், கொட்டுவதற்கு அதனிடம் இருக்கிற தண்ணீர் கூடிவிடுகிறது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கும் சராசரி மழையே அவ்வளவு கிடையாது. வானிலை மையத்தின் கணக்கில் 21 செ.மீ. வந்தாலே அதி கனமழை.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். அந்தத் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததில் ஆக்கிரமித்த குளத்துக்கும் தூர்ந்த கால்வாய்க்கும் பலவீனமான கரைக்கும் பங்கு உண்டு. எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட்டால், தூர்வாராத கால்வாய்க்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம் என்றாகிவிடும். அதை நாம் செய்யவே கூடாது.

பனிப்பாறைப் படங்களை எடுத்து வையுங்கள். நம் ஊரில் காலநிலையைக் கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகங்களும் சொல்லும். ஜூன் முதல் தேதி வாக்கில் பாபநாசம் அணை திறந்தால்தான் கார் நடவு. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசானம். எந்தெந்த வருஷம் காருக்குத் தண்ணீர் வரவில்லை, எந்த வருஷம் அறுக்கிற நேரத்தில் மழை பிடித்தது என்று பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே நிற்கிற குறுக்குத்துறை முருகன் கோயில் எதுவரை முங்கியது என்று பார்த்து வெள்ளத்தை அளக்கிற ஊர்க்காரர்கள் நாம். 92-இல் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது, 2023-இல் எதுவரை நின்றது என்று அந்தப் பெரியவரையே காட்டச் சொல்லி, சுவரில் பெயின்ட்டால் கோடு போடுங்கள்.

ஆனால் ஞாபகத்தை மட்டும் நம்பக் கூடாது. 'அந்தக் காலத்துல இவ்வளவு வெயில் இல்ல' என்று எல்லாத் தலைமுறையும் சொல்லியிருக்கிறது. அதனால் பள்ளியில் ஒரு மழைமானி வையுங்கள். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பாத்திரமும் ஒரு ஸ்கேலும் போதும். வானிலைத் துறை அளக்கிற மாதிரியே தினமும் காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் எழுதட்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். இந்தக் கணக்கில் 95 செ.மீ. மழைக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்று போடச் சொல்லுங்கள்: 38 லட்சம் லிட்டர் வரும். அப்புறம் டிவியில் '20 செ.மீ. வரை பெய்யலாம்' என்று சொன்னால், வீட்டில் எதை மேலே தூக்கி வைக்க வேண்டும், ஆட்டை எங்கே கட்ட வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளே சொல்வார்கள்.

மஞ்சப்பையும் மரக்கன்றும் நல்லவைதான். அவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். நிலக்கரியும் பெட்ரோலிய எண்ணெயும் எரிப்பதுதான் முதல் காரணம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தூத்துக்குடியில் அனல்மின் நிலையம் இருக்கிறது, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. இரண்டையும் ஒரே நாளில் பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம். தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்களிடம் போய் 'பூமியைக் காப்பாற்றுங்கள்' என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். இந்தச் சூட்டை உண்டாக்கியதில் அவர்கள் பங்கு மிகச் சிறியது, அனுபவிப்பதோ அவர்கள்தான். வெக்கை எந்த நேரத்தில் தாங்க முடியாமல் போகிறது என்று அவர்களைக் கேளுங்கள்.

அக்டோபர் 2 கிராமசபையை விட்டுவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்க அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். எந்த மடை அடைத்திருக்கிறது, எந்த ஓடையில் குப்பை கொட்டியிருக்கிறது என்று செப்டம்பரிலேயே பிள்ளைகளைப் பெற்றோரோடு அனுப்பிப் பார்த்துவரச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலைச் சபையில் வாசித்துத் தீர்மானமாகப் பதிவேட்டில் ஏற்றி, நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.